கிளை தள்ளாடும்போது: இடைக்காலத் தலைவர் எதற்கு?

வாஷிங்டன் வட்டாரத்தின் யுனைடெட் வே கிளை 2002-ல் கிட்டத்தட்ட விழுந்தே போயிருக்கும். அலுவலக ஊழியர்கள் விரும்பி எழுதிக்கொடுக்கும் தொகையை அவர்கள் சம்பளத்தில் பிடித்து, பல தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அந்த அமைப்பின் அடிப்படை வேலை. நம்பிக்கை ஒன்றுதான் அதன் முதல். பல்லாண்டுகள் அந்தக் கிளையை நடத்திய ஓரல் சூயர் ஓய்வுபெற்ற பிறகு, நிறுவனப் பணத்தை அவர் சொந்தச் செலவுக்கு எடுத்திருந்தது வெளியே வந்தது. 2004-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். வழக்கு முடியும்வரை நன்கொடையாளர்கள் காத்திருக்கவில்லை. செய்தி பரவத் தொடங்கியபோதே நன்கொடை சரிந்தது. சூயருக்கு அடுத்துப் பொறுப்பேற்றவரும் 2002-ல் விலகினார்.

அப்போது அந்த நாற்காலிக்கு வந்தவர் ராபர்ட் எகர். அதே ஊரில் 1989-ல் டிசி சென்ட்ரல் கிச்சனைத் தொடங்கியவர். மீந்த உணவைச் சேகரித்துச் சமைத்து வழங்குவதோடு, வேலையில்லாதவர்களுக்குச் சமையல் தொழிலும் கற்றுத்தரும் இடம் அது. எகர் ஊருக்குத் தெரிந்த முகம். ஆனால் கிளையின் பழைய கணக்குகளில் அவர் கை பட்டதில்லை. இடைக்காலத் தலைவராகவே வந்தார், நிரந்தரத் தலைவர் அமைந்ததும் தன் வேலைக்குத் திரும்பினார்.

இந்த ஏற்பாட்டை 'ஆள் கிடைக்கும்வரை ஒப்பேற்றுவது' என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தாலேயே பல கிளைகள் கெடுகின்றன என்பது என் கருத்து. தள்ளாடும் கிளையில் காலியாக இருப்பது இயக்குநரின் நாற்காலி மட்டுமல்ல. பெரும்பாலும் அதற்கு நெடுநாள் முன்பே நிர்வாகக் குழு கேள்வி கேட்பதை நிறுத்தியிருக்கும். பொருளாளர் படித்துக் காட்டும் தாளை எல்லோரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருப்பார்கள். இதை முகத்துக்கு நேரே சொல்ல, நாளைக்கு இந்தக் குழுவின் தயவு தேவைப்படாத ஒருவர் வேண்டும். நிரந்தர வேலைக்கு வந்தவரால் அதைச் சொல்வது கடினம், போகப்போகிறவரால் முடியும். இடைக்காலத் தலைவரின் பலமே அதுதான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையான இரண்டு ஊற்றுகள் தெரிகின்றன. வணிக உலகில் இடைக்கால மேலாளர் என்ற தொழில் 1970-களில் நெதர்லாந்தில் உருப்பெற்றதாகச் சொல்வது வழக்கம். நிரந்தர ஊழியரை நீக்குவது அங்கே சட்டப்படி கடினம் என்பதால், குறித்த காலத்துக்கு, குறித்த வேலைக்கு மூத்த மேலாளரை அமர்த்துவது நிறுவனங்களுக்கு வசதியாக இருந்தது. அதே பதிற்றாண்டில் அமெரிக்கத் தேவாலயங்களில் இன்னொரு சிந்தனை வளர்ந்தது. நெடுங்காலம் இருந்த போதகர் போன உடனே வருகிறவர் பெரும்பாலும் நிலைப்பதில்லை, முந்தையவரோடு ஒப்பிடப்பட்டே ஒழிந்துபோகிறார் என்பதை அங்கே கவனித்தார்கள். தேவாலயங்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்று 1974-ல் லோரன் மீட் தொடங்கிய ஆல்பன் இன்ஸ்டிட்யூட்டும் அதைச் சுற்றி இயங்கியவர்களும், இடைவெளிக் காலத்தையே ஒரு பணிக்காலமாகக் கருதலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் ஒரு சபை முடிக்க வேண்டியவை என ஐந்து பணிகளை வகுத்தார்கள். நடந்து முடிந்த வரலாற்றோடு சமாதானமாவது முதலாவது. நாம் இப்போது யார் என்று மறுபடி கண்டுகொள்வது, அதிகாரம் யார் யார் கையில் மாறுகிறது என்பதைக் கையாள்வது, தலைமைச் சபையோடு உறவைப் புதுப்பிப்பது, வரப்போகும் தலைவருக்கு மனதாரத் தயாராவது ஆகியவை மற்ற நான்கு.

கிளை அமைப்பு நடத்தும் எவரும் இந்தப் பட்டியலில் நான்காவதைக் கவனிக்க வேண்டும். தொண்டு நிறுவனக் கிளை தடுமாறும்போது, தலைமையகத்தோடு உள்ள உறவு எப்போதோ நைந்துபோயிருக்கும். ஆண்டுச் சந்தா தாமதமாகப் போயிருக்கும். அனுப்ப வேண்டிய அறிக்கைகள் போயிருக்காது. மாநாட்டுக்கு யாரும் வருவதில்லை. 'அவர்களுக்கு எங்கள் ஊர் நிலவரம் என்ன தெரியும்' என்ற பேச்சு கிளையில் ஓடும், 'அவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்' என்ற பேச்சு தலைமையகத்தில் ஓடும். இரண்டு பக்கத்துக்கும் நம்பகமான ஒருவர் நடுவில் இல்லாமல் இது சரியாவதை நான் நம்பவில்லை.

தேவாலயங்களிலிருந்து மற்றத் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த முறை 1990-களில் பரவியது. சான் பிரான்சிஸ்கோவின் காம்பஸ்பாயின்ட் போன்ற அமைப்புகள் இடைக்கால இயக்குநர்களைத் தயார்செய்து அனுப்புவதை ஒரு சேவையாகவே வளர்த்தன. தேவை இருந்தது. காம்பஸ்பாயின்ட்டும் மேயர் அறக்கட்டளையும் அமெரிக்கத் தொண்டு நிறுவன இயக்குநர்களிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் பதவியைவிட்டுப் போக எண்ணுவதாக 67 சதவீதம் பேர் சொன்னார்கள். அடுத்தவர் யார், மாற்றம் எப்படி என்று எழுதிவைத்த திட்டம் இருந்த நிறுவனங்கள் 17 சதவீதம்தான். தலைமையகத்தை ஒட்டி இயங்கும் சிறிய கிளைகளில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

யார் நியமிப்பது?

கேள்வி எளிதாகத் தோன்றும். கிளை தடுமாறுகிறது, தலைமையகம் ஓர் அனுபவசாலியை அனுப்புகிறது, அவ்வளவுதானே? ஆனால் இங்கேதான் பல முயற்சிகள் முதல் வாரத்திலேயே சிக்கிக்கொள்கின்றன.

கிளை என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வகை இருக்கின்றன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரே சட்ட அமைப்பு. அதன் கிளைகள் அதன் உறுப்புகள். அங்கே மேலிடம் ஒருவரை நியமிக்கலாம், மாற்றலாம், இரண்டு கிளைகளை ஒன்றாக்கலாம். யுனைடெட் வே, ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி போன்றவற்றின் உள்ளூர்க் கிளைகள் தனித்தனியாகப் பதிவுபெற்ற நிறுவனங்கள். பெயரும் சின்னமும் ஒன்று; சொத்து, கடன், நிர்வாகக் குழு எல்லாம் தனி. இவற்றில் இயக்குநரை நியமிக்கும் உரிமை உள்ளூர்க் குழுவுக்கே. தலைமையகத்தின் கையில் இருக்கும் ஒரே கனமான ஆயுதம், பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பறிப்பது. அதைப் பிரயோகித்தால் காப்பாற்ற வந்த கிளையே இல்லாமல் போகும்.

இந்தத் தனித்தன்மை மறுபக்கமும் வெட்டும். 1992-ல் யுனைடெட் வேயின் தேசியத் தலைவர் வில்லியம் அராமோனி, நிதியைத் தவறாகக் கையாண்ட புகார்களால் விலகியபோது, உள்ளூர்க் கிளைகள் பல தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய சந்தாவை நிறுத்திவைத்தன. அப்போது இடைக்காலத் தலைவராக வந்த கென்னத் டாம் சட்டப் பேராசிரியர், அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்தவர், பெரிய வணிக நிறுவனத்திலும் உயர்பதவி வகித்தவர். அவர் சில மாதங்கள் பொறுப்பில் இருந்தார், பிறகு எலைன் சாவ் நிரந்தரத் தலைவரானார். கிளைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரம் டாமுக்கு இல்லை, அவற்றின் நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்க வேண்டியிருந்தது.

ஆகவே தனிப்பதிவு பெற்ற கிளைக்குத் தலைமையகம் ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, தலைமையகம், உள்ளூர்க் குழு, இடைக்காலத் தலைவர் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். சம்பளத்தில் யார் பங்கு எவ்வளவு, எத்தனை மாதம், வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமை உண்டா, ஊழியரை நியமிக்கவும் நீக்கவும் முடியுமா, தலைமையகத்துக்கு என்னென்ன சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அதை எழுதிவைக்காவிட்டால், வந்தவரை முதல் நாளிலிருந்தே 'மேலிடத்து ஒற்றர்' என்று பார்ப்பார்கள், யாரும் அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். 'குழுவிடம் சொல்லாத எதையும் தலைமையகத்திடம் சொல்ல மாட்டேன்' என்ற ஒரு வரி பல கதவுகளைத் திறக்கும்.

முதல் மாதம்

அனுபவம் எங்கே உதவுகிறது என்பது பணத்தில்தான் முதலில் தெரியும். புதியவர் வந்தால் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்பார். இடைக்காலத் தலைவராகப் பழகியவர் வங்கி அறிக்கையைக் கேட்பார். நிறுவனங்களை மீட்டெடுப்பவர்கள் வழக்கமாகப் போடும் பதின்மூன்று வாரப் பணவரவுக் கணக்கைத்தான் இவரும் போடுவார். ஒரு தாளில் பதின்மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் ஒரு வாரம். மேலே அந்த வாரம் உறுதியாகக் கைக்கு வரும் பணம், கீழே கட்டாயம் போகும் பணம், அடியில் மிச்சம். எதிர்பார்ப்பு, வாக்குறுதி, 'போன வருஷம் இந்த மாதம் வந்ததே' என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடமில்லை. ஏழாம் வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்றால், எந்தச் சம்பள நாளில் கிளை நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆண்டு அறிக்கையைப் பார்த்துக் கலங்காத குழு, இந்த ஒரு தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும்.

அந்தத் தாள் போடும்போதே இன்னொன்று வெளியே வரும். வங்கியில் ஓரளவு பணம் இருப்பதாகத் தெரியும், மானியக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வேறொருவருடைய நோக்கத்துக்குக் கட்டுப்பட்டதாக இருக்கும். குழந்தைகளுக்கான மாலை வகுப்புக்கென்று ஓர் அறக்கட்டளை தந்த பணம் அலுவலக வாடகைக்குப் போயிருக்கும். யாரும் திருட நினைத்திருக்க மாட்டார்கள். 'அடுத்த தவணை வந்ததும் சரிக்கட்டிவிடலாம்' என்று செய்திருப்பார்கள், அடுத்த தவணை முந்தைய ஓட்டையை அடைக்கவே போயிருக்கும். ஒதுக்கப்பட்ட நிதியை இப்படித் தொடுவதுதான் கிளைகள் மூழ்குவதற்கு மிகச் சாதாரணமான வழி என்பேன். இதைக் கண்டுபிடித்த இடைக்காலத் தலைவர், கொடுத்தவரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். பழைய இயக்குநரால் அதைச் சொல்ல முடியாது. புதியவருக்கோ அந்த நன்கொடையாளர் இன்னும் பல்லாண்டு தேவை. இடையில் இருப்பவர் உண்மையைச் சொல்லிவிட்டுத் திருப்பித்தரும் கால அட்டவணை கேட்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்ளும் நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். தணிக்கையில் தெரிந்துகொள்வதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

அடுத்தது அரசாங்கக் கடமைகள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் புரட்டிக்கொண்டிருந்தால், அமெரிக்காவில் அது நிறுவனத்தோடு நிற்பதில்லை. அந்த முடிவுக்குப் பொறுப்பானவர்களின் சொந்தப் பணத்திலிருந்தே வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. வரித்துறைக்கு அனுப்ப வேண்டிய ஆண்டு அறிக்கையும் அலட்சியப்படுத்தக் கூடாதது. 2006-ல் வந்த சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அறிக்கை தாக்கல் செய்யாத அமைப்பின் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். 2011-ல் வெளியான முதல் பட்டியலில் சுமார் 2,75,000 அமைப்புகள் இருந்தன. பெரும்பாலானவை ஏற்கெனவே செயல்படாதவை என்று கருதப்பட்டாலும், படிவம் அனுப்ப ஆளில்லாமல் மாட்டிக்கொண்ட சிறு அமைப்புகளும் அதில் உண்டு. பழகிய இடைக்காலத் தலைவர் இந்த இரண்டையும் முதல் வாரமே சரிபார்த்துவிடுவார்.

பணத்துக்கு அடுத்து ஆட்கள். ஊழியர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுவது, கதவைத் திறந்துவைத்திருப்பது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் அதிகம் கவலைப்படுவது தன்னார்வலர்களைப் பற்றி. இருபது ஆண்டு வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் வராமல் போனால் ராஜினாமாக் கடிதம் எதுவும் வராது. அவர் ஏன் போனார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, நின்றுபோன பத்துப் பேருக்குத் தொலைபேசியில் பேசினால், கிளையின் உண்மையான வரலாறு அங்கே கிடைக்கும். எந்த ஆலோசகர் அறிக்கையிலும் அது இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வணிக நிறுவனங்களைத் தூக்கி நிறுத்திப் பேர் வாங்கியவர் தொண்டு நிறுவனக் கிளையையும் நிறுத்திவிடுவார் என்று குழுக்கள் எளிதில் நம்புகின்றன. செலவைக் குறைப்பதில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் கிளையில் மிக அதிகம் செலவு பிடிக்கும் சேவைதான் பல சமயம் கிளை இருப்பதற்கே காரணமாக இருக்கும். அதை முதலில் வெட்டினால் கணக்கு நேராகும், நன்கொடை தரக் காரணம் போய்விடும். ஏற்கெனவே ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தி, சம்பளம் போட முடியாத மாதத்தைக் கடந்து வந்தவர்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். ஓய்வுபெற்ற இயக்குநர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு ஒரு பெயர்ப்பட்டியலாக வைத்திருப்பது தலைமையகத்தின் கடமை.

குழுவே நோயாளியாக இருந்தால்

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேசியத் தலைமை 2001-லிருந்து 2008-க்குள் பட்ட பாடு இதற்குச் சான்று. 2001-ல் பெர்னடின் ஹீலி விலகினார், ஹரால்ட் டெக்கர் இடைக்காலத் தலைவரானார். 2002-ல் வந்த மார்ஷா எவன்ஸ் 2005 இறுதியில் போனார், ஜாக் மெக்குவயர் இடைக்காலத்தில் நடத்தினார். 2007-ல் வந்த மார்க் எவர்சன் அதே ஆண்டிலேயே வெளியேறினார், மேரி எல்கானோ இடைக்காலப் பொறுப்பேற்றார். 2008-ல் கெயில் மெக்கவர்ன் வந்த பிறகே அந்த நாற்காலி நிலைத்தது. ஏழு ஆண்டுகளில் மூன்று இடைக்காலத் தலைவர்கள். அவர்களின் திறமையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஐம்பது பேர் கொண்ட ஆளுகைக் குழுவுக்கும் தலைமை நிர்வாகிக்கும் இடையே எல்லைக்கோடு தெளிவாக இல்லாதவரை, எவரை உட்காரவைத்தாலும் அதே இழுபறிதான். 2007-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்தக் குழுவை 12 முதல் 20 பேராகக் குறைக்க வழிசெய்தது, நிர்வாகத்தை நடத்துவது வேறு, மேற்பார்வையிடுவது வேறு என்று வரையறுத்தது.

கிளை அளவில் இதற்குச் சட்டம் வராது. இடைக்காலத் தலைவரே அதைத் தொடங்கிவைக்க வேண்டும். துணைவிதிகளை எடுத்துப் படித்து, பதவிக்காலம் முடிந்தும் தொடர்பவர்களைக் கண்ணியமாக வழியனுப்புவது, ஸ்தாபகருக்குக் கௌரவப் பதவி தந்து வாக்குரிமையிலிருந்து விலக்குவது, பொருளாளராக வரக் கணக்குத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடிப்பது என்று போகும் வேலை இது. இதை அவர் செய்யாமல் போனால் அடுத்த இயக்குநர் இரண்டே ஆண்டில் விலகுவார். 'ஆள் சரியில்லை' என்று குழு மறுபடி சொல்லும்.

எல்லாக் கிளையையும் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியையும் அவர்தான் துணிந்து எழுப்ப வேண்டும். பக்கத்துக் கிளையோடு இணைவது சரியாக இருக்கலாம். ஆனால் இணைப்பை வெறும் செலவுக்கணக்காகப் பார்க்கக் கூடாது. 2008-க்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் எழுநூறுக்கும் மேல் இருந்த தன் கிளைகளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. அலுவலக வேலைகள் ஓரிடத்துக்கு மாறியதில் பணம் மிச்சமானது. உள்ளூரில் பல்லாண்டு வேர்விட்டிருந்த தன்னார்வலர்கள் பலர் விலகிப்போனார்கள் என்ற விமர்சனமும் பின்னாளில் வலுவாக எழுந்தது. இணைக்கலாமா வேண்டாமா என்று உள்ளூரில் உட்கார்ந்து எடைபோட இடைக்காலத் தலைவருக்கு ஆறு மாதமாவது வேண்டும்.

கால அளவு பற்றி அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு. அதற்குக் குறைந்தால் ஒரு தணிக்கைச் சுற்றுகூட முடியாது, கூடினால் இடைக்காலமே பழக்கமாகிவிடும். நிரந்தர வேலைக்கு அவர் விண்ணப்பிக்கலாமா என்பதில்தான் சண்டை. தேவாலயங்கள் பொதுவாகக் கூடாது என்கின்றன. சில தொண்டு நிறுவனங்கள் நன்றாகச் செய்பவரை ஏன் விட வேண்டும் என்று கேட்கின்றன. நான் தேவாலயங்களின் பக்கம். விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லும் ஒவ்வொரு கசப்பான உண்மையும் கொஞ்சம் இனிப்பாகும். அவர் அறியாமலேகூட அது நடக்கும். அவரை வைத்திருந்ததன் பயனே அங்கே போய்விடுகிறது.

செலவாகுமே என்ற மறுப்பு எப்போதும் வரும். ஆகும்தான். ஏற்கெனவே பணமில்லாத கிளையிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை. அதனால்தான் தலைமையகங்கள் இதற்கென்றே ஒரு சிறு நிதியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறேன். சம்பள ஊழியரே இல்லாத, தன்னார்வலர்களால் மட்டும் நடக்கும் கிளைகளுக்கு முழுநேரத் தலைவர் தேவைப்படாது. மாதம் சில நாள் வந்து குழுவோடு உட்காரும் ஒரு மூத்தவர் போதும்.

முடிவில் ஒப்படைப்பு. புதிய இயக்குநரும் இடைக்காலத் தலைவரும் ஒரு வாரமாவது ஒரே அறையில் இருக்க வேண்டும். பதின்மூன்று வாரத் தாள், இன்னும் திருப்பித்தர வேண்டிய ஒதுக்கீட்டு நிதியின் கணக்கு, எந்த நன்கொடையாளரிடம் வாய்மொழியாக என்ன சொல்லப்பட்டது என்ற குறிப்பு, நின்றுபோய் மறுபடி வந்த தன்னார்வலர்களின் பெயர்கள் ஆகிய நான்கும் கை மாற வேண்டும். அதன் பிறகு அவர் குழுவில் உறுப்பினராகவும் சேரக் கூடாது, ஆலோசகராகவும் தங்கக் கூடாது. புதிய இயக்குநர் அழைத்தால் பேசலாம். பழைய ஊழியர்கள் அழைத்தால், நலம் விசாரித்துவிட்டு, வேலை விஷயத்தைப் புதியவரிடம் கேட்கச் சொல்லி வைத்துவிட வேண்டும்.